நாழிகைக்குள் பிறந்த நற்றமிழ்

வேள்விச் சாலையில் நிரையாக வைக்கப்பெறும் குடங்களில் நிறைந்திருப்பது தண்ணீரே. ஆற்றிலும் ஊற்றிலும் முகந்து கொணரப்பட்ட அந்நீர், மறைமொழிகளும் திருமுறைகளும் ஓதப்பெற்ற பின்னர்த் தெய்வப் புனலாக மாறுகிறது. இடையில் அந்நீரில் வந்து கலந்தது யாது? சொல். சிவாசாரியர் வாய்ச்சொல்லும், ஓதுவார் இசைச்சொல்லும், கூடி நின்ற அடியார் உள்ளத்துச் சொல்லும் அதனை மாற்றிவிடுகின்றன. அச்சொல்லுக்கும் ஒரு நேரம் உண்டு. கடம் புறப்படும் வேளை, விமானக் கலசத்தின்மீது நீர் சொரியும் ஓரை ஆகியன முன்னரே கணித்து வைக்கப்படுகின்றன. அந்த நாழிகை தவறலாகாது. சொல்லும் காலமும் ஒன்றை ஒன்று தழுவி நிற்கும் இடமே குடமுழுக்கு எனலாம்.

சொல்லும் காலமும் இவ்வாறு கூடும் இடம் மற்றொன்றும் தமிழ்நாட்டில் உண்டு. அதுவே புலவர் அரங்கு. ‘இந்த நாழிகைக்குள், இந்தப் பொருள்மேல், இந்த எழுத்தில் தொடங்கி, இந்தச் சொல்லில் முடியப் பாடுக’ என்று ஒருவர் கேட்க, மற்றொருவர் கேட்டவாய் மூடுமுன் பாடி முடிப்பதும், அருகிருந்தோர் அதனை ஏட்டில் எழுதிக்கொள்வதும் நம் முன்னோர் கண்ட அறிவுத் திருவிழாக்கள். அவ்வரங்குகளிற் பல திருக்கோயில் மண்டபங்களிலேயே நடந்தன. அவற்றின் வரலாறு, சொல்லின் ஆற்றலையும், அவ்வாற்றல் எப்பொழுது தீமையாகும், எப்பொழுது அருளாகும் என்பதையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

நாடுகாணியின் நிலை

நீலமலையின் மேற்கு ஓரத்தே அமைந்தது நாடுகாணி. கூடலூரிலிருந்து வரும் பாதை இங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று தேயிலைக் குன்றுகளினூடே பந்தலூரை நோக்கிச் செல்லும். மற்றொன்று அடர்ந்த கானகத்தின் வழியே வளைந்து வளைந்து இறங்கி, வழிக்கடவு வழியாக நிலம்பூரை அடையும். மலை முகட்டில் நின்று நோக்குவார்க்குக் கீழே மலையாள நாடு விரிந்து தோன்றும். நாட்டைக் காணும் இடம் என்ற பொருள் இவ்வூரின் பெயரிலேயே அமைந்திருப்பது கருதி மகிழத்தக்கது. தமிழும் மலையாளமும் கன்னடமும், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய தொல்குடிகளின் மொழிகளும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இடம் இது. பல சொற்கள் சந்திக்கும் இடத்தில் சொல்லைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே.

ஆசுகவி என்பது

தமிழ்ப் புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகையாகப் பாட்டியல் நூலோர் பகுத்தனர். இனிமை ததும்பப் பாடுவோர் மதுரகவி. சக்கரம், நாகம் முதலிய வடிவங்களுள் எழுத்துக்களை அடக்கிப் பாடுவோர் சித்திரகவி. நெடிய நூல்களை விரித்து யாப்போர் வித்தாரகவி. ஆசுகவியோ, பிறர் கொடுத்த பொருளையும் சொல்லையும் யாப்பையும் அணியையும் ஏற்றுக்கொண்டு, அந்நிலையிலேயே பாடுபவர். மற்றை மூவர்க்கும் காலம் துணை. ஆசுகவிக்கோ காலமே எதிரி.

அக்காலத்தில் நேரத்தை அளந்தது நாழிகை வட்டில். அடியில் நுண்துளையுடைய கிண்ணம் நீர்மேல் மிதந்து, மெல்ல நிரம்பி அமிழும் கால அளவு ஒரு நாழிகை. இக்காலக் கணக்கில் 24 நிமிடம். பகலும் இரவும் கூடிய நாளுக்கு நாழிகை 60. பாசறையில் மன்னனுக்கு நேரம் அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைப் பழைய முல்லைப்பாட்டே குறிக்கின்றது. அக்கிண்ணம் அமிழ்வதற்குள் இத்துணைப் பாடல் பாடுவேன் என்று சூளுரைத்த புலவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏடெழுதுவோர் பக்கத்தே அமர்ந்திருப்பர். எழுத்தாணி பின்தங்குமே அன்றிப் புலவர் நா பின்தங்காது என்பது வழக்கு.

இத்தகைய விரைவு பயிற்சியால் மட்டும் வருவதன்று. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தும் உள்ளத்தில் ஊறி நிற்றல் வேண்டும். ஆயிரக்கணக்கான பாடல்கள் நினைவில் நிறைந்திருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக உள்ளம் கலங்காதிருத்தல் வேண்டும். கலங்காத உள்ளம் இறையருளால் வருவது என்று முன்னோர் நம்பினர். ஆசுகவிகளின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு கோயிலில் தொடங்குவது இதனாலேயே.

ஏடும் எரியும் நீரும்

ஏட்டில் எழுதிய சொல்லை வைத்து நடந்த பழம்பெரும் போட்டி மதுரையில் நிகழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் பாண்டிய நாட்டிற்கு எழுந்தருளியபோது, சமண முனிவரோடு நிகழ்ந்த அனல்வாதத்தையும் புனல்வாதத்தையும் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு நெருப்பில் வாடாது பச்சென்று விளங்கிற்று. வையையில் இட்ட ஏடோ வெள்ளத்தை எதிர்த்து ஏறிச் சென்று ஓரிடத்தில் நின்றது. அவ்விடமே திருவேடகம். ஏடு அடைந்த ஊர் என்ற நினைவைப் பெயரில் தாங்கி இன்றும் வையைக் கரையில் அத்திருக்கோயில் விளங்குகின்றது.

அவ்வாதத்தின் முடிவு கடுமையானது. தோற்றவர்கள் தாமே உரைத்த சூளின்படி கழுவேறினர் என்றும் அதே புராணம் கூறுகின்றது. சொல்லின் ஆற்றலைக் காட்டிய அந்நாள், சொல்லோடு உயிரைப் பணயமாக வைத்தல் எத்துணைத் துயரில் முடியும் என்பதையும் காட்டிய நாளாயிற்று. பின்வந்த நூற்றாண்டுகளில் இப்பணயம் பல வடிவில் தொடர்ந்தது.

காளமேகமும் யமகண்டமும்

திருவரங்கத்தில் மடைப்பள்ளிப் பணி செய்தவன் வரதன் என்னும் இளைஞன். திருவானைக்காவில் தொண்டு செய்த மோகனாங்கி என்பாள்மீது அன்பு கொண்டு, ஓர் இரவு அக்கோயிலில் காத்திருந்து கண்ணயர்ந்தான். கலையறிவு வேண்டி அங்கே தவங்கிடந்தான் வேறொருவன். அவன் வாயில் தன் தாம்பூலத்தை உமிழ வந்தாள் அன்னை அகிலாண்டேசுவரி; அவன் அதனை அருவருத்து மறுக்கவே, உறங்கி எழுந்த வரதன் வாய்க்கு அது கிட்டிற்று. அன்று முதல் அவன் கார்முகில்போலக் கவிமழை பொழியும் காளமேகமானான் என்பது செவிவழி வரலாறு.

15ஆம் நூற்றாண்டில், இன்று காரைக்கால் பகுதியில் உள்ள திருமலைராயன்பட்டினத்தில், திருமலைராயன் அவைக்குக் காளமேகம் சென்றார். அங்கே அதிமதுரகவி தலைமையில் புலவர் பலர் பல்லக்கும் விருதுமாக வீற்றிருந்தனர். வந்தவரை இருக்கச் சொல்வாரும் இல்லை. சொல் வளர்ந்தது. கழுத்தில் கத்தியைக் கட்டிக்கொண்டு பாடும் அரிகண்டம் பாடவல்லீரோ என்று அவர்கள் கேட்டனர். அது எளிது, யமகண்டமே பாடுவேன் என்றார் காளமேகம்.

யமகண்டம் என்பது கேட்பார்க்கே நடுக்கம் தருவது. 16 அடிச் சதுரமாகக் குழி தோண்டி, நான்கு மூலையிலும் இரும்புக் கம்பம் நாட்டி, மேலே சட்டமிட்டு, நடுவே உறி தொங்கவிடுவர். குழியில் விறகடுக்கி எரிமூட்டி, நடுவே எண்ணெய்க் கொப்பரையைக் கொதிக்க வைப்பர். உறியில் அமரும் புலவரின் கழுத்திலும் இடையிலும் கத்திகள். அவற்றைப் பிணித்த சங்கிலிகள் நான்கு யானைகளின் துதிக்கையில். சுற்றிலும் நின்றவர் மாறிமாறிக் கேட்கும் சமசியைகளுக்குத் தடையின்றி விடை பாடவேண்டும்; தவறினால் யானைகள் சங்கிலியை ஈர்க்கும். அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார் இயற்றிய விநோதரசமஞ்சரி போன்ற நூல்கள் இக்காட்சியை ஆர்வத்தோடு வருணிக்கின்றன.

காளமேகம் எல்லாவற்றிற்கும் பாடி வென்றார். ஆயினும் அரசன் உரிய சிறப்புச் செய்யவில்லை. வெகுண்ட புலவர் அவ்வூர்மீது மண்மாரி பொழியுமாறு வசை பாடினார் என்றும், ஊர் அழிந்தது என்றும் கதை முடிகின்றது. வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு மதிப்பிட்டாலும், தமிழ்மக்கள் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததன் பொருள் தெளிவானது. பகைமையில் எழுந்த அரங்கில் தோற்றவர்க்கு மானம் போயிற்று. வென்றவர்க்கு நெஞ்சின் அமைதி போயிற்று. யாதும் அறியாத ஊர்மக்களுக்கு வீடும் வாசலும் போயின. வில்லாண்மை உடையார் பகையினும் சொல்லாண்மை உடையார் பகை கொடிது என்று திருவள்ளுவர் எச்சரித்ததன் உண்மை இதில் விளங்கும்.

துறட்டியைக் கீழே வைத்தவர்

அதே நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் மற்றொரு போட்டி, இவ்வழக்கத்தையே திருப்பி அமைத்தது. பாரதத்தைத் தமிழிற் பாடிய வில்லிபுத்தூரார் பெரும்புலவர். தம்மோடு வாதிட்டுத் தோற்ற புலவர்களின் காதைத் துறட்டியால் அறுக்கும் வழக்கம் அவரிடம் இருந்ததென்பர். பிழையான தமிழைக் கேட்ட செவிக்கும், பிழைபடப் பேசத் துணிந்த செருக்குக்கும் அதுவே தண்டம் என்பது அவர் எண்ணம் போலும். அவர் கையில் எத்தனை புலவர் குருதி சிந்தினரோ!

அவருடன் வாதிட முருகனடியாரான அருணகிரிநாதர் வந்தார். இருவர் காதிலும் துறட்டி மாட்டப்பெற்றது. ஒருவர் துறட்டியின் பிடி மற்றவர் கையில். அருணகிரியார் கந்தரந்தாதியை ஒவ்வொரு செய்யுளாக அந்நிலையிலேயே பாடிவரவேண்டும். வில்லிபுத்தூரார் உடனுக்குடன் உரை கூறிவரவேண்டும். பாட்டுத் தடைப்பட்டால் பாடுவோர் செவி போகும்; உரை தடைப்பட்டால் உரைப்போர் செவி போகும். 53 செய்யுள் வரையில் பாட்டும் உரையும் இணையாகவே ஓடின. 54ஆம் செய்யுள் முழுவதும் தகர வருக்க எழுத்துக்களாலேயே அமைந்தது. வில்லிபுத்தூரார் திகைத்து நின்றார். நாழிகை கடந்தது. அவையோர் மூச்சடக்கியிருந்தனர்.

பிடி அருணகிரியார் கையில் இருந்தது. அவர் அதனை இழுக்கவில்லை. தாமே அச்செய்யுளுக்குப் பொருள் விரித்தார்; தோற்றவரின் காதைக் காத்தார்; இனி எவர் செவியையும் அறுப்பதில்லை என்னும் உறுதியை மட்டும் பரிசாகப் பெற்றார். ‘கருணைக்கு அருணகிரி’ என்னும் பெயர் அவருக்கு வழங்குவது இதனால் என்பர். கந்தரந்தாதிக்கு வில்லிபுத்தூரார் உரையென்று ஒன்று வழங்குவதும், அதில் 54ஆம் செய்யுளுக்கு மட்டும் அருணகிரியாரே உரைகண்டார் என்பதும் எண்ணத்தக்கன. வாதிட்ட இருவரும் ஒரே நூலின் ஆசிரியரும் உரையாசிரியருமாக என்றும் கூடி வாழ்கின்றனர். போட்டி நட்பாயிற்று, துறட்டி துருப்பிடித்தது, நூல் நிலைத்தது.

மலைக்குக் கீழே ஒரு கோயில்

நாடுகாணியிலிருந்து மேற்கே இறங்கும் பாதையைத் தொடர்ந்து செல்வோர் நிலம்பூரைக் கடந்து கோழிக்கோட்டை அடையலாம். அந்நகரில் தளி மகாதேவர் ஆலயம் உள்ளது. அங்கே சாமூதிரி மன்னர்கள் ரேவதி பட்டத்தானம் என்னும் அறிஞர் விழாவை நடத்தி வந்தனர். ஐப்பசித் திங்களில் ரேவதி நாளில் தொடங்கி ஏழு நாள் நடைபெறும் அவ்விழாவில் மீமாம்சை, வேதாந்தம், இலக்கணம் முதலிய துறைகளில் வாதம் நிகழும். வென்றார்க்கு 51 பணக்கிழிகள் பரிசு. தோற்றவர் உயிரும் உறுப்பும் இழக்க வேண்டுவதில்லை. மறு ஆண்டு மீண்டும் வரலாம்.

தமிழகத்துத் தொண்டை மண்டலத்திலிருந்து சென்று அவ்வரங்கில் ஆண்டுதோறும் வென்றவர் உத்தண்ட சாஸ்திரிகள். 15ஆம் நூற்றாண்டினரான அவர், கோகில சந்தேசம் என்னும் வடமொழி நூலை இயற்றியவர். நாட்டு மொழியிற் பாடுவாரை அவர் மதிப்பதில்லை. சாமூதிரியின் அவையை அலங்கரித்த புலவர்களைப் ‘பதினெட்டரைக் கவிகள்’ என்பர். அந்த அரைக் கவி யார்? மலையாளத்தில் பாடிய புனம் நம்பூதிரி. வடமொழியிற் பாடியோர் முழுப் புலவர். தாய்மொழியிற் பாடியவர் அரைப் புலவர்! ஒருவரை அளக்க ஒரு சொல்லே போதுமாயிற்று. அச்சொல்லில் எத்துணை அநீதி அடங்கியிருந்தது!

ஆயினும் ஒருநாள் புனம் நம்பூதிரி பாடிய செய்யுள் ஒன்றைக் கேட்டார் உத்தண்டர். அதில் வந்த வியப்பைக் குறிக்கும் ஒரு சிறு சொல்லின் அழகில் உள்ளம் நெகிழ்ந்து, அவ்வொரு சொல்லுக்காகவே பட்டாடையைப் பரிசளித்தார் என்று மலையாள நாட்டார் இன்றும் சொல்லி மகிழ்வர். தமிழகத்தினின்று சென்ற பெரும்புலவர், மலையாளக் கவிஞரின் ஒரு சொல்லுக்குத் தலைவணங்கிய அந்நிகழ்ச்சி, இரு நாட்டு எல்லையில் வாழும் மக்கள் போற்றி வைத்துக்கொள்ளத் தக்கது. அந்நாட்டில் அட்சரசுலோகம் என்னும் இனிய விளையாட்டும் வழங்குகின்றது. ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அவ்வெழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் உடனே சொல்லவேண்டும். முதியோரும் சிறுவரும் வட்டமாக அமர்ந்து விளையாடுவர். வென்றாலும் தோற்றாலும் நினைவில் தங்குவது நல்ல பாட்டுக்களே.

அவதானிகள் இருவர்

நாழிகைப் போட்டியின் முதிர்ந்த வடிவம் அவதானம். ஒரே வேளையில் பல செயல்களில் மனத்தைச் செலுத்துதல் அது. எட்டுச் செயலாயின் அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். அவதானி நடுவே அமர்ந்திருப்பார். ஒருவர் அவர் முதுகில் மலர்களை எறிந்துகொண்டிருப்பார். எத்தனை விழுந்தன என்று எண்ணவேண்டும். மற்றொருவர் மணி அடிப்பார், அதனையும் எண்ணவேண்டும். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். ஒருவர் கணக்குக் கொடுப்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருவார். இடையிடையே வேண்டாத பேச்சால் குலைக்க முயல்வாரும் உண்டு. எல்லாம் முடிந்தபின், எதனையும் எழுதி வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொருவர்க்கும் உரிய விடையை முறையே சொல்லவேண்டும். வில்லும் வாளும் இல்லாத போர்க்களம் அது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சதாவதானி என்று பட்டம் பெற்ற பெருமக்கள் இருவர், ஒரே வழக்கில் எதிரெதிர் நின்றனர். ஒருவர் யாழ்ப்பாணத்துப் புலோலியில் 1871இல் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை. தமிழ் அகராதி தொகுத்தவர். சென்னை இராயப்பேட்டை வெசுலி கல்லூரியில் தமிழாசிரியர். சைவத்தின் காவலராகத் தம்மைக் கருதிய வீறுடைய சொற்பொழிவாளர். மற்றவர் நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் இசுலாமியக் குடும்பத்திற் பிறந்த கா. ப. செய்குத்தம்பிப் பாவலர்.

வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்று போற்றுதல் தகுமா என்ற வினா, அடிகள் வாழ்ந்த நாளிலேயே ஆறுமுக நாவலரால் எழுப்பப்பெற்று, நெடுங்காலம் தமிழுலகைக் கலக்கிற்று. கதிரைவேற்பிள்ளை, நாவலர் வழிநின்று மறுத்து எழுதினார். அருட்பா ஆதரவாளரும் விடாது எழுதினர். மேடைதோறும் முழக்கம், துண்டுவெளியீடுகளில் வசைமாரி, இறுதியில் நீதிமன்றம். 1904இல் கதிரைவேற்பிள்ளைமீது தொடுக்கப்பட்ட வழக்கில் தம் ஆசிரியருக்காகச் சாட்சி கூறச் சென்ற மாணவர் ஒருவர், அதனால் தேர்வெழுதாமல் நின்று, பள்ளிப் படிப்பையே இழந்தார். அவரே பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் பெயர்பெற்ற திரு. வி. கலியாணசுந்தரனார். பெரியோர் எறிந்த சொற்கள் பக்கத்தே நின்ற இளைஞர்மீதும் பட்டன.

இவ்வழக்கில் வள்ளலார் பக்கம் நின்று, அவர் பாடல் அருட்பாவே என்று மேடையேறி முழங்கியவர் இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்துக்கு உரைகண்ட அப்பெருமகனார், சைவ அடிகளின் பாட்டிலும் அருளைக் கண்டார். 1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் சூழ்ந்திருக்க அவர் சதாவதானம் நிகழ்த்தினார்.

பாவலர் அரங்கைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று சிறுவரும் அறிந்தது. அவையிலிருந்த ஒருவர், துருக்கருக்கு இராமனே துணையாவான் என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து, வெண்பா முடிக்குமாறு கேட்டார். துருக்கர் என்பது அந்நாளில் இசுலாமியரைக் குறித்த பெயர். பாவலரை இக்கட்டில் நிறுத்திப் பார்க்கும் குறும்பு அவ்வடியில் இருந்தது. அவை நகைக்கக் காத்திருந்தது. பாவலரோ சிறிதும் முகங்கோணாமல், இராமபிரானின் தம்பியரை முறையே பாடிவந்து, முன்னடியின் இறுதியில் ‘சத்’ என்னும் எழுத்துக்களை நிறுத்தினார். அவை அடுத்த அடியின் முதலோடு சேர்ந்தவுடன் துருக்கன் சத்துருக்கனானான். தம்பிக்கு அண்ணன் துணை என்னும் பொருள் பொலிந்தது. கேட்டவரும் எழுந்து பாராட்டினார் என்பர். புண்படுத்தக்கூடிய சொல்லை இரண்டு எழுத்துக்களின் துணையால் உடன்பிறப்பின் பெயராக மாற்றிவிட்ட அந்நொடி, தமிழ் அரங்குகளின் வரலாற்றில் ஒளிவிடும் நொடியாகும். இரும்புக் கம்பமும் எண்ணெய்க் கொப்பரையும் செய்யாததை ஒரு புன்னகை செய்தது.

பாவலர் சதாவதானம் நிகழ்த்திய அதே 1907ஆம் ஆண்டில், சமயச் சொற்பொழிவுக்காக நீலகிரிக்கு வந்திருந்த கதிரைவேற்பிள்ளை, குன்னூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35தான். ஈழத்தில் பிறந்த நாவன்மை ஒன்று இம்மலையின் குளிர்ந்த மடியில் ஓய்வு கொண்டது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி ஆசிரியர் கடன் தீர்த்தார் திரு. வி. க. அத்தோடு நில்லாமல், ஆண்டுகள் பல கடந்தபின், ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலை இயற்றி, தம் ஆசிரியர் மறுத்த அடிகளையே மனமாரப் போற்றினார். ஆசிரியர்பால் அவருக்கிருந்த அன்பும் குறையவில்லை. அடிகளின் அருளைக் காணும் கண்ணும் மறையவில்லை. நீதிமன்றத்தில் முடியாத வழக்கு ஒரு மாணவர் நெஞ்சில் முடிவுற்றது. அருணகிரியார் துறட்டியைக் கீழே வைத்ததற்கு ஒப்பான செயல் இது.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

பட்டம் பெற்ற புலவர்க்கு மட்டுமே இவ்வரங்கு உரியது என்று கருதலாகாது. ஏடறியாத எளிய மக்களும் இதில் வல்லவராய் இருந்தனர். தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நடந்த மராட்டியர் ஆட்சியில் வேரூன்றிய லாவணி, காமன் பண்டிகைக் காலத்தில் ஊர்தோறும் நடைபெற்றது. சிவபெருமான் திருக்குறுக்கையில் நெற்றிக் கண்ணால் காமனை எரித்தருளினார் என்பது அட்ட வீரட்டங்களுள் ஒன்றான அத்தலத்தின் வரலாறு. காமன் எரிந்தான் என்று வாதிடுவோர் எரிந்த கட்சியார்; எரியவில்லை என்போர் எரியாத கட்சியார். டேப்பு முழங்க, ஒரு கட்சி பாட்டால் வினாவ, மறு கட்சி பாட்டால் உடனே விடை தரவேண்டும். புராணமும் கணக்கும் விடுகதையும் கேலியும் கலந்து விடியும்வரை வாதம் நிகழும். காமன் எரிந்ததும் உண்மை; இரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் தோன்றுமாறு இறைவன் உயிர் அருளியதும் உண்மை. ஆதலின் இரு கட்சியும் மெய்யே உரைத்தன. பொழுது விடிந்ததும் இரு கட்சியாரும் ஒன்றாகவே வீடு திரும்பினர்.

இக்கலையையும் காமன் கூத்தையும் தங்கள் நெஞ்சில் சுமந்துகொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்மக்கள் இலங்கை மலைநாட்டின் தோட்டங்களுக்குச் சென்றனர். கையில் பொருளில்லை, நாவில் பாட்டிருந்தது. லயங்களின் முன்றிலில் மாசித் திங்களில் காமன் கூத்து ஆடி, தாய்நாட்டை நினைந்தனர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று விதித்தது. ஒரு தாளில் எழுதிய சில சொற்கள் இலட்சக்கணக்கானோர் வாழ்வின் திசையை மாற்றின. சொல்லின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ! அவ்வாறு திரும்பிவந்தோர்க்கு வேலையளிக்கும் பொருட்டு 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் குடியேறிய அம்மக்கள், கொழுந்து கொய்த கையாலேயே கல் சுமந்து, தங்கள் சிறு கூலியினின்று காசு சேர்த்து, குன்றுதோறும் கோயில் எழுப்பினர். பிரிந்த உறவுகளும் விட்டுவந்த வீடும் நெஞ்சை வருத்தியபோதும், தாலாட்டும் கும்மியும் காவடிப் பாட்டும் அவர்களை வாழ்வித்தன. கடல் கடந்தும் கெடாத செல்வம் சொற்செல்வம் ஒன்றே.

திருவிழாவிற் செய்யத்தக்கது

இத்துணை வரலாறும் உணர்த்தும் உண்மை ஒன்று. சொல்லின் ஆற்றல் விரைவில் மட்டும் இல்லை. வென்ற நொடியில் நா என்ன சொல்கின்றது என்பதில் அது இருக்கின்றது. காளமேகம் வென்று வசை பாடினார். அருணகிரியார் வென்று மன்னித்தார். செய்குத்தம்பிப் பாவலர் இகழ்ச்சியை உறவாக்கி வென்றார். மூவர்க்கும் கிடைத்தது ஒரே நாழிகை. அந்நாழிகையை அவர்கள் செலவிட்ட வகையே வேறு.

திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் ஈந்த அன்பர்கள், கோபுரத்தையும் மதிலையும் போலவே சொல்லையும் புதுப்பிக்கும் பணியை மேற்கொள்ளுதல் நலம். ஆண்டுத் திருவிழாவில் ஒரு மாலைப்பொழுதை இளைஞர்க்கும் சிறுமியர்க்கும் ஒதுக்கலாம். ஒரு நாழிகை நேரம் தந்து, இறைவன் திருப்பெயரின்மேலோ, மழையின்மேலோ, மலையின்மேலோ ஒரு பாட்டோ உரையோ எழுதச் செய்யலாம். தமிழில் எழுதுவோரும் மலையாளத்தில் எழுதுவோரும் கன்னடத்தில் எழுதுவோரும் ஒரே மண்டபத்தில் அமரட்டும். தொல்குடிச் சிறுவர் தம் மொழியில் பாடட்டும். இங்கே அரைக் கவி என்று ஒருவரும் இருக்கவேண்டுவதில்லை. வென்ற பிள்ளை தோற்ற பிள்ளையின் பாட்டை அவையில் எடுத்துப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி செய்தால், அருணகிரியாரின் அருள்மரபு இம்மலையில் தழைக்கும்.

குடமுழுக்கு நாளில் கலசத்தினின்று வழியும் நீர், ஏழை செல்வர் என்றும், இம்மொழியார் அம்மொழியார் என்றும் பாராமல் நின்றார் தலையிலெல்லாம் தெளிக்கின்றது. அந்நீரிற் கலந்த சொல் வாழ்த்துச் சொல். அடியார்தம் வாயிற் பிறக்கும் சொல்லும் அத்தகையதாகுக! நாடு காணும் இக்குன்றின்மீது கோயில்கொண்டு விளங்கும் தெய்வத்தின் திருவருளால் மழை தவறாது பொழிக, தளிர் செழிக்க, உழைப்போர் இல்லங்கள் நிறைக, நல்ல சொல் எங்கும் ஓங்குக!